சாக்பீஸில் போட்ட வடக்கு

போன ஞாயிறு பினாங்கு பெர்ரிக் கப்பலில் பத்மா அக்காவைப் பார்த்தேன். மழை விட்டிருந்தது. வடக்கே ஜெராய் மலை துடைத்து வைத்தாற்போல் தெரிந்தது.

"மாஸ்டரோட மலை," என்றேன்.

"என் தம்பியோட மலையும்தான்," என்றார் அக்கா.

எனக்கு உடனே வருஷம் நினைவுக்கு வந்தது. 1985. பினாங்குப் பாலம் திறந்த வருஷம்.

அக்காவின் கணவர் கனகசபை மாஸ்டர், பூகோள வாத்தியார். தம்பி ராஜு, மண்ணைத் துளைத்துச் சோதிக்கும் கம்பெனியில் வேலை. பாகான் டாலாம் வீட்டில் ஞாயிறுதோறும் நண்டுக் குழம்புக்கு முன்னால் இருவரும் மோதிக்கொள்வார்கள். எதற்கு? அரசியலா, கால்பந்தா? இல்லை... ஜெராய் எப்படி எழுந்தது என்பதற்கு!

ஆதியில் பூமியின் மேலோடு இழுபட்டு மெலிந்தது, மேல்பாறை ஒரு பக்கமாகச் சரிந்து விலகியது, ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை வெளியே வந்தது — இது மாஸ்டர் கட்சி. இழுவையாவது சரிவாவது, அடியிலிருந்து கிரானைட் குழம்பு முட்டித் தூக்கியது — இது ராஜு கட்சி.

சாட்சி கல்லுக்குள் இருந்தது. நசுங்கி நீண்ட தாது மணிகள். மலை முழுக்க அவை ஒரே திசைக்குச் சரிந்திருந்தால் மாஸ்டர் ஜெயித்தார். நாலா பக்கமும் வெளிநோக்கிச் சரிந்திருந்தால் ராஜு. அதனால் பெயர்க்குமுன் கல்லில் வடக்கைக் காட்டி அம்புக்குறி போட வேண்டும். குறி இல்லையென்றால் அது வெறும் கல்.

மாஸ்டர் தனியாகவே மலையேறி, வீங்கிய முழங்காலோடு ஒரு மூட்டைக் கல் கொண்டுவந்தார். ராஜு சும்மா இருந்திருக்கலாம். "நீங்களே போட்ட அம்பை நான் எப்படி அத்தான் நம்புறது?" என்று கேட்டுவிட்டார்.

அதோடு ராஜு வருவது நின்றது. அவர் நாற்காலியில் கற்கள் உட்கார்ந்தன. அக்கா நண்டு வாங்குவதையே விட்டுவிட்டார்.

தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது அக்கா கற்களையும் கழுவி வெயிலில் காயவைத்தார். மாஸ்டர் அம்பு போட்டிருந்தது எதில்? சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸில்! ஒன்று மிச்சமில்லை. மனுஷர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுக்காக இருந்தது, கழுவினேன் என்றார் அக்கா.

மறுபடி ஏற முழங்கால் விடாது. ஜீப் வைத்திருப்பவர் ஒருவர்தான். அக்காவே போன் செய்தார்.

ராஜு பெயிண்ட் டப்பாவோடு வந்து இறங்கினார். "சாக்பீஸாம்! வகுப்பு முடிஞ்சதும் அழிக்கவா அத்தான்? வாங்க, போவோம்லா."

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அம்பை நீயே போடு."

எந்த விவாதத்திலும் சாட்சி கிடைத்துவிடும். சாட்சி சொல்பவனை நம்புவதுதான் பெரும்பாடு, இல்லையா?

தீர்ப்பு என்ன என்கிறீர்களா? சில கற்கள் மாஸ்டர் பக்கம், சில ராஜு பக்கம். போன வருஷம் மாஸ்டர் கண்மூடும்வரை ஞாயிறு தவறாமல் சண்டை, ஞாயிறு தவறாமல் நண்டு.

"அன்னைக்கு நீங்க தெரியாம கழுவினதும் நல்லதுக்குத்தான் அக்கா," என்றேன்.

அக்கா மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாத்தியார் சட்டையை இத்தனை வருஷம் துவைச்சவ நான், தம்பி... சாக்பீஸ் தண்ணியில போயிடும்னு எனக்கா தெரியாது?"