பன்றிக்கு வாங்கிய ஸ்கோப்

சனிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு என் கைபேசி அடித்தது. மகள் வேலை முடிந்து புறப்படும்போது ஒரேயொரு தடவை அடிக்கவிட்டு வெட்டிவிடுவாள். வருகிறேன் என்று அர்த்தம். அன்று அது நிற்காமல் அடித்தது. எடுத்தேன். அவள் பேசவில்லை. மூச்சு கேட்டது, காற்று கேட்டது. தள்ளி எங்கோ ஒரு ஆண் “பிரேசோ! பிரேசோ!” என்று சந்தோஷமாகக் கத்தினான். விழுத்திவிட்டேன் என்பதைத்தான் இந்த நாட்டு வேட்டைக்காரர்கள் தங்கள் மொழியில் அப்படிச் சொல்வார்கள். பிறகு தொடர்பு அறுந்தது.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரேத்தோ வீதியில் வேட்டைச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறாள். அந்தக் கடையைக் கூட்டித் துடைப்பது நான். வியாழக்கிழமை ஒரு மனிதர் வந்தபோதும் அங்கேதான் நின்றேன். தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறுகின்றனவாம். துவக்குக்குத் தேர்மல் ஸ்கோப் வேண்டும், இருட்டிலும் உடம்பின் சூட்டைக் காட்டுகிற கண்ணாடி.

மகள் மூன்று விலையில் மூன்றை மேசையில் வைத்தாள். ஆக விலை கூடியதில் பன்றியின் காது தெரியும். நடுவிலையில் கால்கள் தெரியும். மலிவானதில் தூரம் போனால் வெறும் வெள்ளைக் கட்டிதான்.

“பெட்டியிலை ஆயிரம் மீட்டர் எண்டு போட்டிருக்கே, சிஞ்ஞோரினா?”

“அது அங்கை ஏதோ சூடா நிக்குதெண்டு தெரியிற தூரம். என்ன நிக்குதெண்டு தெரிய, கனக்கக் கிட்டப் போகவேணும். காசு குறைவெண்டால் சுடுற தூரத்தையும் குறையுங்கோ.”

“நான் பன்றியைச் சுடப்போறன், பிள்ளை. அதுக்குக் கலியாணப் படம் எடுக்கப் போறேல்லை!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மலிவானதையே வாங்கினார். துவக்கில் பூட்டிக் குறி சரிபார்த்துத் தருவதும் கடையின் வேலை. அதற்குத்தான் சனிக்கிழமை அவருடைய மலைத் தோட்டத்துக்கு மகள் போனாள். அந்தக் கண்ணாடியில் தாளில் கீறிய குறி தெரியாது. குறிப்பலகைக்குப் பின்னால் கை சூடாக்கும் பொட்டலம் ஒன்றை ஒட்டவேண்டும். அது ஆறினால் போய் மாற்றவேண்டும்.

தொடர்பு அறுந்ததும் நான் திருப்பி எடுத்தேன். போகவில்லை. மறுபடியும் எடுத்தேன்.

“சார்ஜ் போயிருக்கும்,” என்றார் கணவர். சொல்லிக்கொண்டே சப்பாத்தைப் போட்டார்.

“எங்கை போறியள்? பஸ் போற இடமோ அது?”

அவர் சப்பாத்தோடு கதிரையில் இருந்து கடைக்காரச் சிஞ்ஞோராவை அழைத்தார். சிஞ்ஞோரா உடனே காரில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். அதன் பிறகு எங்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. நாங்கள் இருக்கும் சீசாப் பகுதியில், எங்கள் யன்னலுக்குக் கீழே பேருந்துகள் வந்து நின்று போயின. ஒவ்வொன்றிலும் இறங்கியவர்களைப் பார்த்தேன்.

போர்க் காலத்தில் வன்னியில் தலைக்கு மேல் ஆளில்லா விமானம் பறக்கும். வண்டு என்போம். சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு, சின்னப்பிள்ளையாக இருந்த இவளை வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுப்பேன். மேலே இருப்பவனுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று அப்போது யோசித்ததில்லை. அன்று மாலை முழுக்க அதைத்தான் யோசித்தேன்.

எட்டு மணி கடந்து கதவு மணி அடித்தது. சிஞ்ஞோரா மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார். மகளின் கன்னத்தில் கட்டு. முழங்கால் வரை மண்.

“வெடி பட்டதோ பிள்ளை?” கணவர் சப்பாத்தோடு ஓடி வந்தார்.

“இல்லையப்பா. பக்கத்துக் கல்லிலை பட்டது. கல்லுத்துண்டுதான் கிழிச்சது. அவர் அங்காலை போன நேரம் இருட்டுக்கை பொட்டலம் மாத்தப் போய்க் குனிஞ்சனான்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அவர் கத்தியோடை ஓடி வந்தவர், அம்மா. பன்றியை எடுக்க வந்தவர். கிட்ட வந்த பிறகுதான் என்னைக் கண்டவர்.”