என் மனைவியின் படிப்பும் மச்சானின் வரிச் சட்டமும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் தேவாலயப் பங்குக்கே வரி ஆலோசகராக நான் சில மாதங்கள் கொடிகட்டிப் பறந்தேன். என் உண்மையான தொழில் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுவது.

என் மனைவிக்குக் கணக்குப் பதிவியல் படிக்க ஆசை. கேட்கும்போதெல்லாம் "பாப்பம்" என்பேன். அப்படியே ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அமெரிக்காவில் இருக்கும் என் தங்கையின் கணவர் போனில் சொன்னார்: "மச்சான், இஞ்ச நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வரிக்கணக்குப் போடுறனாங்கள். உங்கட தங்கச்சி படிச்ச செலவுக்கும் வரியில கழிவு கிடைச்சது."

அவ்வளவுதான். அடுத்த வாரமே மனைவியை மாலை வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஒரு கோப்பு வாங்கி அவளுடைய ரசீதுகளையெல்லாம் அடுக்கினேன்; பேனை வாங்கிய ரசீதைக்கூட விடவில்லை. எங்கள் ஆட்களுக்கு அரசாங்கம் அனுப்பும் கடிதத்தைவிட வெளிநாட்டுச் சொந்தக்காரரின் போன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் ரோல்ஸ் சாப்பிடும்போது இந்த இரகசியத்தை அவிழ்த்துவிட்டேன். மூன்று பேர் உடனே தங்கள் மனைவிமாரையும் படிக்க அனுப்பத் தயாரானார்கள். அவர்களில் ஒருவருக்கு மட்டும் சந்தேகம். "அண்ணை, மனிசி கேக் ஐசிங் படிக்கப் போறா. அதுவும் சேருமோ?"

"ரசீது இருந்தால் சேரும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

சனவரியில் என் வரிக் கணக்கை அனுப்பக் கணினி முன்னால் உட்கார்ந்தேன். மனைவியின் படிப்புச் செலவை எழுத எங்குமே இடம் இல்லை. சரி, என் டாக்சிச் செலவோடு சேர்த்துவிடுவோம் என்று துணிந்தபோது, பின்னால் நின்ற மனைவி சிரித்தாள். வகுப்பில் வரிப் பாடம் அப்போதுதான் முடிந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, அது அமெரிக்காச் சட்டம். இஞ்ச புருசனுக்கு வேற கணக்கு, பெஞ்சாதிக்கு வேற கணக்கு. என்ர படிப்பை நீங்கள் கழிக்க ஏலாது. அனுப்பினால் தண்டம்தான் வரும்."

"நீர் வடிவாப் படிச்சனீரோ?"

"நீங்கள் காசு கட்டின வகுப்பிலதான் படிச்சனான்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நான் படிப்பை நிப்பாட்டவோ?" என்று மெதுவாகக் கேட்டாள். 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு மண்டபத்தில் உண்மையைச் சொன்னேன். மூன்று கணவர்களும் என்னை விழுங்குவதுபோல் பார்த்தார்கள். "வரிக் கழிவு வரும் எண்டுதானே அண்ணை, இவ்வளவு கேக்கையும் சாப்பிட்டனான்!" என்று ஐசிங் படிப்பவரின் கணவர் கத்தினார். மனைவிமாரோ அசையவில்லை. அந்தக் கேக்குக்காரர் வகுப்பை நிறுத்தும் பேச்சை எடுத்ததும் அவருடைய மனைவி, "நான் இனி நிப்பாட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

இப்போது என் மனைவி ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். என் வரிக் கணக்கையும் அவளே அனுப்புகிறாள். ஊரெல்லாம் அவளைப் படிக்கவைத்த கணவன் என்று என்னைப் புகழும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். கழிவு கிடைக்காது என்று முதலிலேயே தெரிந்திருந்தால், அவள் ஆசைப்பட்டாள் என்ற ஒரே காரணத்துக்காக நான் சம்மதித்திருப்பேனா என்பதற்கு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.