கமலவேணிக்கு வேலை கொடுத்த தடை

பிற்பாடு ஒரு போட்டியில் கமலவேணி பந்தை அடிப்பதைப் பார்த்த வெள்ளைக்காரச் சீமாட்டிகள் முதலில் சிரித்தார்கள். பந்து போய் விழுந்த இடத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அவளுடைய வீச்சு அவர்கள் பார்த்த எந்த வீச்சையும் போல இல்லை. மலாக்கா நகரத்துக்கு வெளியே, கடலை ஒட்டியிருந்த கோல்ஃப் திடலில் அவளுடைய அப்பா அப்பாசாமி புல் வெட்டுகிறவர். புல் வெட்டும் வண்டி ஏறாத சரிவுகளில் நீளக் காம்பு போட்ட கத்தியால்தான் வெட்ட வேண்டும். பத்து வயதிலிருந்து அந்தக் கத்தியை அவளும் பிடித்தாள். இடுப்பைத் திருப்பி, கத்தியைத் தோளுக்கு மேலே கொண்டு போய், உடம்பின் கனத்தையெல்லாம் அதன் பின்னால் அனுப்புகிற வீச்சு. கத்தி இருந்த கையில் மட்டை வந்தபோது உடம்புக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பதினாறு வயதில் பை தூக்கப் போனாள். துவான்களும் மேம்களும், அதாவது துரைகளும் துரைசானிகளும், ஆடும்போது மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடக்கிற வேலை. தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களுமாக ஒரு கூட்டமே அங்கே இருந்தது. பந்தைத் தேடலாம், மட்டையைத் துடைக்கலாம், குழியில் நிற்கிற கொடியைப் பிடிக்கலாம். அடிக்கத்தான் கூடாது. கிளப் வராந்தாவின் படியில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் வேண்டுமென்றால் பின்பக்கம் குழாய் இருந்தது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அநியாயம் நன்றாக வேரோடிவிட்டால் அதற்கு எழுத்து தேவைப்படுவதில்லை.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்குக் கடைசிக் குழிக்கு அப்பால், லாலாங் புல் வெட்டிய மேட்டில், ஒடிந்துபோய் வீசியெறியப்பட்ட மட்டைகளுக்குக் கயிறு சுற்றிப் பெண்கள் ஆடுவார்கள். கமலவேணியோடு ஆடிய எல்லோரும் தோற்றார்கள். அவளுடைய தோழி சீதா ஒருநாள் மட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"உன்கூட ஆடுறதும் செவத்துகூட ஆடுறதும் ஒண்ணுடி. செவராவது வாயை மூடிக்கிட்டு இருக்கும்."

கிளப்பில் ஒரு வெள்ளைக்கார ஆசான் இருந்தார். உறுப்பினர்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுப்பார். வெளியூர்ப் போட்டிகளில் கிளப்புக்காக ஆடுவார். அதற்குச் சம்பளம் உண்டு. ஆடுவதற்குச் சம்பளம் என்ற செய்தியே கமலவேணிக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அது அவள் மனத்தை விட்டுப் போகவே இல்லை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டு அந்த ஆசான் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். இடம் காலியாகவே கிடந்தது. அந்த வேலை தனக்கு வேண்டும் என்று கமலவேணி முடிவு செய்தாள். சீதாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

மலாக்காவின் பண்டார் ஹிலிரில் சுதந்திரக் கொடி ஏறிய பிறகு கிளப்பின் நிர்வாகக் குழுவிலும் முகங்கள் மாறின. முதல் தமிழராக வக்கீல் ஏகாம்பரம் உள்ளே வந்தார். செட்டியார் வீட்டுப் பிள்ளை, லண்டனில் படித்தவர், புக்கிட் பாருவில் வீடு. வராந்தாவில் நின்று சுதந்திரத்தைப் பற்றி அவர் பேசியபோது, படிக்குக் கீழே நின்ற பை தூக்கும் பெண்கள் கைதட்டினார்கள். இதுவரை உறுப்பினர்களின் மனைவிமார் மட்டுமே ஆடி வந்த பெண்கள் கோப்பைக்கு இனி நகரத்தில் வாழும் எந்தப் பெண்ணும் ஆடலாம் என்று அறிவித்தது அவருடைய யோசனைதான். டாக்டர் வீட்டு அம்மாள்களும் பள்ளிக்கூட ஆசிரியைகளும் வருவார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

முதலில் வந்த பெயர், அ. கமலவேணி, காஜா பெராங்.

காஜா பெராங்கில் அவளும் அப்பாவும் குடியிருந்த வாடகை வீட்டுக்கு அடுத்தது கம்போங் செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிவரும் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு. அங்கே தையல் வேலை செய்த பாக்கியலட்சுமிதான் அவளுக்குப் போட்டிக்கான பாவாடை தைத்துக் கொடுத்தாள். பாக்கியலட்சுமிக்குத் தமிழ் சாமி பெயர்களோடு சரி, மற்றப் பேச்செல்லாம் மலாய். அளவு எடுத்துக்கொண்டே, "ஜாங்ஙான் தாக்கோட். லு புக்கோல் சாஜா," என்றாள். பயப்படாதே, நீ பாட்டுக்கு அடி என்று அர்த்தம். பயம் கமலவேணிக்கு இல்லை. குழுவுக்குத்தான் இருந்தது.

பை தூக்குகிறவள் ஆடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. நேற்றுத்தான் சுதந்திரம் பேசிய வாய். ஏகாம்பரம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வக்கீல் தேடினால் கிடைக்காததா? பதினெட்டு வயது கடந்த பிறகும் கூலிக்குப் பை தூக்கியவர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவார் என்று ஒரு வரி இருந்தது. கமலவேணிக்கு வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது. கோப்பையோ பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கு மட்டும் உரியது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஏகாம்பரத்தின் கையெழுத்தோடு ஆங்கிலத்தில் ஒரு காகிதம் தொங்கியது. மிஸ் கமலவேணி தொழில்முறை ஆட்டக்காரர். ஆகவே கோப்பைக்கு ஆட முடியாது.

கொஞ்சம் ஆங்கிலம் படித்திருந்த சீதா அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தொழில்முறைன்னா என்னடி?"

"காசு வாங்கிட்டு ஆடுறவங்க," என்றாள் கமலவேணி.

"நாம எப்ப காசு வாங்கிட்டு ஆடினோம்? தூக்கினதுக்குத்தானே கொடுத்தாங்க. அப்படிப் பாத்தா பசார்ல அரிசி மூட்டை தூக்குறவன் சமையல்காரனா?"

கமலவேணி சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பாவாடையை மடித்து வைத்தாள். அப்பாசாமி மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடு தாயி, பெரியவங்க ஆட்டம் நமக்கு எதுக்கு," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முன்பு ரப்பர்த் தோட்டத்தில் கங்காணிக்குக் கும்பிடு போட்டுத் தேய்ந்த கைகள் அவருடையவை. ஆனால் அந்தச் சொல்தான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. மூன்று தலைமுறையாக விட்டுவிட்டு எதைப் பெற்றோம் என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே போனபோது, அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது வேறுவிதமாகத் தெரிய ஆரம்பித்தது.

அந்த வாரம் ஏகாம்பரத்துக்குப் பை தூக்கும் முறை அவளுடையது. அவர் சோர்வாக ஆடிக்கொண்டிருந்தார். சிரம்பானில் மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கேடயத்துக்குப் பல கிளப்புகள் மோதப் போகின்றன. கிளப்புக்கு ஒரு ஜோடி: கேப்டனும் அந்தக் கிளப்பின் தொழில்முறை ஆட்டக்காரரும். இருவருக்கும் சேர்த்து ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். மலாக்காவின் கேப்டன் ஏகாம்பரம். மாதக்கணக்கில் ஆடிப் பழகியிருக்கிறார். ஜோடிக்குத்தான் ஆள் இல்லை.

"சார், சிரம்பானுக்குப் போகலையா?"

"எப்படிம்மா போறது? தொழில்முறை ஆட்டக்காரர் ஒருத்தர் வேணும். இருந்தவரும் போயிட்டார்."

"பலகையில ஒரு பேர் தொங்குதே சார்."

ஏகாம்பரத்தின் மட்டை பந்தை விட்டுவிட்டுப் புல்லை அள்ளியது.

"அது வேற விஷயம்."

"எப்படி வேற, சார்? கையெழுத்து உங்களுதுதானே?"

"அது ஆம்பளைங்க ஆடுற ஆட்டம்."

"ஆம்பளைன்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

அவர் அடுத்த மட்டைக்குக் கை நீட்டினார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"பலகையில போட்டது தப்புன்னா நான் கோப்பைக்கு ஆடுறேன். சரின்னா சிரம்பானுக்கு வர்றேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

வீட்டுக்குப் போன ஏகாம்பரம் விதிப் புத்தகத்தை முழுக்க வாசித்தார். ஆண் என்ற சொல் எங்கும் இல்லை. எழுதியவர்கள் நியாயவான்கள் என்பதால் அல்ல. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. காகிதத்தைக் கழற்றினால் புல் வெட்டுகிறவர் மகள் கோப்பையைத் தூக்குவாள். கழற்றாவிட்டால் அவளோடு சிரம்பானுக்குப் போக வேண்டும். அவருக்குக் கேடயத்தின் மேல் ஆசை இருந்தது. ஆசை அவரை நியாயத்தின் பக்கம் தள்ளியது. சில மனிதர்கள் அந்த வழியாகவும் வந்து சேருகிறார்கள்.

மறுநாள், "சிரம்பானுக்கு வா," என்றார்.

"கேடயம் நமக்கு வந்தா ஊருக்குப் போன ஆசானோட வேலை எனக்கு."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா என்ன சார்?"

ஏகாம்பரம் அக்கம்பக்கம் பார்த்தார். "சரி," என்றார்.

ஆட்டம் சனிக்கிழமை காலை. முதல் அடி ராகு காலத்தில் விழுகிறது என்று அப்பாசாமி கையைப் பிசைந்தார். "ராகு காலத்துல பந்து உருளாதாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கமலவேணி வக்கீலின் மோட்டார் காடியில் ஏறினாள். முன்சீட்டில் உட்காருவதா பின்சீட்டிலா என்று தடுமாறியவர் ஏகாம்பரம்தான். அவள் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சிரம்பானில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன், உங்கள் பை தூக்குகிறவள் அந்த மரத்தடியில் நிற்கலாமே என்று ஏகாம்பரத்திடம் தன்மையாகச் சொன்னார். ஏகாம்பரத்தின் காது சிவந்தது. அதே வராந்தா மொழியைத்தான் அவரும் இத்தனை நாள் பேசினார். பிறர் வாயில் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. "இவங்கதான் எங்க கிளப்போட தொழில்முறை ஆட்டக்காரர்," என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். கமலவேணி முதல் பந்தை அடித்தாள். அதற்குப் பிறகு மரத்தடியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அவள் தூர அனுப்புவாள். அவர் புதருக்குள் விடுவார். அவள் புதரிலிருந்து எடுப்பாள். அவர் மணலில் இறக்குவார். "சார், நான் புல்லு வெட்டுற வேலையை விட்டுட்டேன்னு நினைச்சேன்," என்றாள் ஒரு குழியில். ஏகாம்பரத்துக்குக் கோபம் வர வேண்டியது, சிரிப்பு வந்துவிட்டது. மதியத்துக்குள் மற்ற ஜோடிகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. கிள்ளானிலிருந்து வந்த ஜோடி மட்டும் ஆட்டத்தை முடித்துவிட்டுக் கடைசிக் குழியருகே காத்திருந்தது. மலாக்கா இன்னும் இரண்டே அடியில் பந்தைக் குழியில் போட்டால் கேடயம் அவர்களுக்கு. பந்து தூரத்தில் கிடந்தது. கமலவேணியின் முறை. அவள் தட்டிய பந்து புல்லின் சாய்வில் வளைந்து வந்து, குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

மிச்சம் ஒரு முழம். அடிக்க வேண்டியவர் ஏகாம்பரம்.

அவர் மட்டையை இறுக்கிப் பிடித்தார். நின்றார், விலகினார், மறுபடி நின்றார். அந்த ஒரு முழத்தில் தன் வாழ்க்கை கிடக்கிறது என்பது கமலவேணிக்குத் தெரியும். தன்னைத் தடுத்த அதே கையில்தான் மட்டை இருந்தது. அருகில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"சார், கோர்ட்டுல எதிர் வக்கீலை முறைக்கிற மாதிரி முறைக்காதீங்க. அது வெறும் பந்து. அதுக்கு உங்க மேல எந்தக் கேஸும் இல்ல."

ஏகாம்பரம் குபீரென்று சிரித்தார். சிரித்ததில் தோள் இறங்கியது, பிடி தளர்ந்தது. தட்டினார். பந்து குழிக்குள் விழுந்த சத்தத்தை அப்பாசாமி மலாக்காவிலேயே கேட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் குழு கூடியது. கமலவேணியை வராந்தா வழியாகவே உள்ளே கூப்பிட்டார்கள். வேலை கொடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை, சம்பளத்தில் இருந்தது. பெண் பிள்ளைக்கு ஆசானுக்குக் கொடுத்த சம்பளமா என்று ஒருவர் இழுத்தார்.

"அவர் ஆடினப்ப குழி வேற இடத்துல இருந்துச்சா, சார்?" என்று கேட்டாள் அவள்.

ஏகாம்பரம் மேசையைத் தட்டினார். "அதே சம்பளம்," என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. பை தூக்குகிற பெண்கள் திங்கட்கிழமைகளில் நல்ல மட்டைகளோடு திடலிலேயே ஆடலாம் என்றும் எழுதித் தரக் கேட்டாள். அதற்கும் தலையாட்டினார்கள். மறுக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லக்கூடிய காரணம் எவரிடமும் இல்லை.

பிற்பாடு அவள் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் ஆண்களோடு சரிசமமாக ஆடிப் பரிசுகள் வாங்கினாள். தோற்ற நாள்களும் உண்டு. திரும்பும் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வருவாள். சீதா அவளுக்கு உதவி ஆசானாக வந்து சேர்ந்தாள். சுவரோடு ஆடுவதற்குச் சம்பளம் கிடைக்கிறதே என்று எல்லோரிடமும் சொன்னாள். ஆனால் கமலவேணிக்கு மிகவும் பிடித்த நாளைக் கேட்டால், வேலையில் சேர்ந்த முதல் நாளைத்தான் சொல்வாள்.

அன்று காலை ஏகாம்பரத்தின் காடி வந்து நின்றது. இறங்கியது அவர் அல்ல, அவருடைய மனைவி உமையாள். இழுத்துச் செருகிய கண்டாங்கிச் சேலையும் கையில் கணவரின் மட்டையுமாக, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு நடந்து வந்தாள்.

"நீதானே கமலவேணி? எனக்கும் இதைச் சொல்லித் தர்றியா?"

"வாங்க ஆச்சி. கையை இப்படி வைங்க. இன்னும் கொஞ்சம் கீழே."

உமையாள் பிடித்துப் பார்த்தாள். வீசிப் பார்த்தாள். பந்து அசையவில்லை, சேலை முந்தானைதான் பறந்தது. இருவரும் சிரித்தார்கள். அப்புறம் உமையாள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏம்மா, எங்க வீட்டுக்காரரை ஜெயிக்கிறதுக்கு எத்தனை நாளாகும்?"

"சாரோட ஆட்டத்தை நான் கிட்ட இருந்து பாத்தவ ஆச்சி," என்றாள் கமலவேணி. "ரொம்ப நாளாகாது."