அம்மன் காட்டிய சாய்வு

எழுமலைப் பக்கம் ஒரு பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் நான் சமையல் உதவியாளர். பத்தாவது தேறினால்தான் அமைப்பாளர் ஆக முடியும். மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டேன். கணக்கு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. அதிலும் நேர்க்கோடு, சாய்வு, சமன்பாடு என்று வந்தாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். "ஆனி மாசப் பரீச்சையிலயும் போச்சுன்னா புத்தகத்த எடைக்குப் போட்டுர்றேன்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன்.

ஊர் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவதாக நேர்ந்துகொண்டேன். "தாயே, இந்த மரமண்டைக்கு ஒரு வெளிச்சம் காட்டு." அவ்வளவுதான் வேண்டுதல். ஆனால் பதற்றத்தில் விதைக்கு மேல் எருவை அள்ளிக் கொட்டிவிட்டேன். எல்லார் பாரியும் முளைத்து நிற்க, என்னுடையது மண்ணாகவே கிடந்தது. பாரி தவறினால் வேண்டியது நடக்காது என்பார்கள். தாயும் கைவிட்டாள் என்று ஒடிந்துபோனேன். அப்புறம்தான் முளைத்தது, குட்டையாக.

பாரி வளர்க்கும் வீட்டில் வெயில் படாது. பகலிலேயே அந்தி மாதிரி இருக்கும். அந்த மங்கலில் பயிரெல்லாம் வெளிர் மஞ்சளாக மிதப்பதுபோலத் தெரியும். பெண்கள் மெல்லக் கும்மிப் பாட்டுப் பாட, ஈர மண் வாசத்தில் எனக்குக் கண் செருகியது. பக்கத்துப் பாரி என் அண்ணன் மனைவி செல்லத்தாயுடையது.

"ஏ, ஒம் பாரிக்கு என்னடி அம்புட்டு அவசரம்? என்னுது ஒரு நாளைக்கு ஒரு விரக்கடைதான் வளருது. ஒன்னுது ரெண்டு ஏறுதே!" என்றார் மதினி.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாளுக்கு எவ்வளவு ஏறுகிறது? அதுதானே சாய்வு! அவர் பாரி அன்று ஆறு விரற்கடை, என்னுடையது இரண்டு. நாள் கணக்கை x என்று வைத்தால், ஆறோடு ஒரு x, இரண்டோடு இரண்டு x. இரண்டும் எப்போது சமமாகும்? மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். நாலாவது நாள்.

பாரியை அளவுகோல் வைத்து அளக்கக் கூடாது. கண்ணால்தான் பார்த்தேன். நாலாவது நாள் இரண்டும் ஒரே உயரத்தில் நின்றன. அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டேன்.

தேர்வில் இரண்டு கோடுகளின் சமன்பாடுகளைக் கொடுத்து, எங்கே வெட்டும் என்று கேட்டிருந்தார்கள். கண்ணை மூடினேன். அந்த மங்கல் அறையும் இரண்டு பாரிகளும் முன்னால் வந்து நின்றன. பேனா தானாக ஓடியது.

தேறிவிட்டேன். இன்று நான் அமைப்பாளர். தேறிய செய்தியைச் சொன்னதும் மதினி என் மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு, "எட்டாவதோட நின்னவ நான். நான் கேட்டா அந்தத் தாயி தருவாளாடி?" என்றார்.

"கேட்டுப் பாருங்க மதினி" என்றேன்.

படிப்பு ஏறாது என்று ஒதுங்கிய அக்கா தங்கைகளே, உங்களுக்கும் அதுதான் சொல்வேன். நம்பிக் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பாயை விரித்துவிடாமல் புத்தகத்தைத் திறங்கள். மதினி திறந்துவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் என்னைத் திட்டிக்கொண்டே படிக்கிறார்.