ராஜி போன துபாய்

கருங்கல் சந்தையில் வாழைக்குலை விற்கும் தாணுலிங்கம் ஆயுசில் பொய் சொன்னதில்லை. நல்லவன் என்பதால் அல்ல. சொன்னால் காது சிவந்துவிடும். அது அவன் அப்பா வழியில் வந்த காது.

தங்கை ராஜிக்கு மனசு சரியில்லாமல் போனபோது, விடியுமுன்னே வண்டி பிடித்து ஒருவருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். புருஷன் இல்லாதவள். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் அபிதா தாய்மாமன் வீட்டுக்கு வந்தாள். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்:

"நான் அம்மாகிட்ட சண்ட போட்டேம்லா மாமா, அதனாலயா?"

"சண்டயில சீக்கு வருமானா எனக்க கூடப்பொறந்தவனுவ அஞ்சு பேரும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்கணும். சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு சீக்கு மக்கா. நீ தின்னு."

தின்றாள். வாராவாரம் அம்மாவைப் பார்க்க அவளையும் கூட்டிப் போனான். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவள், அம்மா துபாயில் என்று சொல்லிவிட்டாள். ஆளைக் காணோம் என்றால் மறுகேள்வி இல்லாமல் நம் ஆட்கள் நம்பும் ஊர் அது ஒன்றுதானே.

அந்தப் பொய்யைக் காப்பாற்றத் தாணுலிங்கம் மார்த்தாண்டத்தில் ஃபாரின் மிட்டாய் வாங்கி வகுப்புக்குக் கொடுத்தனுப்பினான். அதோடு விட்டதா? சேதி தெரிந்து பக்கத்து வீட்டுக் கோலப்பன் பெரிய பொதியோடு வந்து நின்றார்.

"ஏலே தாணு, ராஜிக்குச் சாமான் அனுப்புவேல்லா, அதுல இதையும் வையி. நாலு கிலோ ஏத்தவாழைக்காய் வத்தல். அங்க எனக்க மவன் சுதீசுக்குக் கொடுத்துருவா. காது ஏன்லே செவக்குது?"

"வெயிலு அண்ணாச்சி."

பொதி கட்டிலடிக்குப் போனது. அடுத்த வாரம் ஊறுகாய். அதற்கடுத்து முந்திரிக்கொத்து.

ஒன்றரை மாதத்தில் ராஜி தெளிந்து வந்தாள். அபிதாவுக்குச் சந்தோஷம் பாதி, நடுக்கம் பாதி. குட்டு உடைந்தால் எப்படி வெளியே தலைகாட்டுவது? பாய் எடுக்கக் குனிந்த ராஜி கட்டிலடியைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன அண்ணா, வத்தக்கடயா?"

அபிதா அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். ராஜி பொதிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.

"துபாய்ல எனக்கு என்ன வேலட்டி?"

"நர்சு."

"கொள்ளாம். ஆஸ்பத்திரி மட்டும் நெசம்," என்று சிரித்தாள் ராஜி. பொதிகளை அண்ணன் தலையில் ஏற்றி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு கோலப்பன் வீட்டுக்கு நடந்தாள்.

"அண்ணாச்சி, நான் துபாய்க்கெல்லாம் போவல்ல. மனசு சரியில்லாம ஆஸ்பத்திரியில கெடந்தேன். இப்பமும் மாத்திர உண்டு."

அபிதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கோலப்பன் ஒரு வத்தலை எடுத்துக் கடித்துப் பார்த்தார். நமத்திருந்தது.

"பிள்ளே, அந்த டாக்டரு உறக்கத்துக்கும் மருந்து தருவாரா? மூணு மாசமாக் கண்ணு அடையல்ல. என்னைக்கெல்லாம் இருப்பாரு?"

ராஜி வாய் திறக்குமுன் அபிதா சொன்னாள்: "செவ்வாயும் வெள்ளியும் மாமா. காலத்தே போவணும், இல்லேனா சீட்டு கெடைக்காது."