ஏசி அண்ணனின் குளிர்காலம்

ஸ்க்ரூடிரைவர் முனையால் டயரின் வால்வை அழுத்திப் பிடித்தபடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார் அத்தான். காற்று புஸ்ஸென்று வெளியேறுகிறது. தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கும் இந்த இடத்தில் எல்லா ஜீப்களும் நின்று காற்றைக் குறைத்துக்கொள்ளும். டயர் தளர்ந்தால்தான் மணலில் புதையாது. மற்றவர்கள் கருவி வைத்து அளப்பார்கள். அத்தானுக்குக் காதே போதும். சத்தம் ஓரிடத்தில் மெலிந்ததும் கையை எடுத்துவிடுவார்.

“போதும்னு அதுவே சொல்லுதுல்ல?”

எனக்கு எதுவும் சொன்னதாகத் தெரியாது. தலையாட்டி வைப்பேன்.

என் அக்காவின் கணவர். இந்தப் பாலைவன நகரத்தில் இருபத்தைந்து வருடமாக ஏசி மெக்கானிக். அறைக்காரர்கள் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவர் ஏசி அண்ணன். கோடையில் ஆளைப் பிடிக்க முடியாது. எந்த மொட்டை மாடியிலாவது ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். வெறும் கையில் பிடித்தால் சுடும் என்று ஸ்பேனரில் துணி சுற்றியிருக்கும். தெருவில் நடந்துபோகும்போதே அண்ணாந்து கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டு, “மூணாவது மாடிக்கு இன்னும் ரெண்டு நாள்தான்” என்பார். மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து போன் வரும்.

குளிர்காலம் வந்தால் ஊரே ஏசியை அணைத்துவிடும். வேலை குறைந்துபோகும் அந்த மூன்று மாதத்தைத்தான் அவர் “நம்ம சீசன்” என்பார். விடுமுறை நாட்களில் கம்பெனி ஜீப்பை எடுத்துக்கொள்ள முதலாளியின் அனுமதி உண்டு. ஏணியும் கேஸ் சிலிண்டரும் இறங்கும். பாய், தண்ணீர் கேன், மண்வெட்டி, கயிறு, ஃபிளாஸ்க், அவித்த முட்டை டப்பா எல்லாம் ஏறும். ஊரிலிருந்து அக்காவும் மகளும் வந்து இறங்குவார்கள்.

சுற்றிக் காட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடமானாலும் முந்தின வாரமே தனியாகப் போய் ஒத்திகை பார்த்துவிடுவார். நிழல் எங்கே, கழிப்பறை எங்கே, குழந்தை விழுந்தால் அடிபடாத இடம் எது, எல்லாம் அத்துப்படி. மலைக்கோட்டைக்குப் போகும் வழியில் என்னிடம் சொன்னார்: “மொத்தம் இருநூறு படி. உங்கக்கா எழுபதாவது படியில உக்காருவா. அங்க நிழல் இருக்கு, பார்த்து வச்சிருக்கேன்.” அக்கா ஐம்பதிலேயே வெயிலில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுவதும் அத்தான் முகம் தொங்கிப்போயிருந்தது.

வரலாறு கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்.

“இந்தக் கோட்டையைக் கட்டினது யாரு?” என்பாள் அக்கா.

“ஒரு ராஜா.”

“எந்த ராஜா?”

“பழைய ராஜா. இப்ப இல்ல.”

இந்தச் சுற்றலெல்லாம் தொடங்கியது பதினேழு வருடம் முன்பு, அவர்கள் முதன்முதலாக வந்த குளிர்காலத்தில். நானும் அப்போதுதான் இங்கே ஓர் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். அவர்கள் மகள் பாப்பாவுக்கு ஐந்து வயது. பிறந்த நாற்பதாம் நாள் அவளை விட்டுவிட்டு மறுபடி விமானம் ஏறியவர் அத்தான். இடையில் விடுப்பில் போனபோதும் நினைவு வைத்துக்கொள்ளும் வயதில் அவள் இல்லை. அவளுக்கு அப்பா என்றால் போனுக்குள் இருக்கும் ஒரு குரல். விமான நிலையத்தில் இரண்டு கையையும் நீட்டியவரைப் பார்த்து அக்காவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “இவங்க போன்ல பேசுற அப்பாவாம்மா?” என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றோம். நம்பவில்லை.

இரண்டு நாள் அவள் அவரிடம் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அத்தான் வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்து அக்காவின் போனுக்கு அடித்தார். பாப்பா ஓடி வந்து எடுத்தாள். “அப்பா, இங்க ஒரு ஏசி மாமா இருக்காங்க. எல்லா இடமும் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க எப்ப வருவீங்க?” கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் அவருமாக அரைமணி நேரம் பேசினார்கள். உள்ளே வரும்போது அத்தான் சிரித்துக்கொண்டுதான் வந்தார். நேராகப் போய் முகம் கழுவினார்.

அதன்பின் அதுவே வழக்கமானது. எங்கே போனாலும் கொஞ்சம் தள்ளி நின்று போன் செய்வார். “வலது பக்கம் பாரு கண்ணு, ஒட்டகக் குட்டி.” அவள் பார்த்துவிட்டு, “உங்களுக்கு எப்படிப்பா தெரியுது?” என்று வியப்பாள்.

அப்படித்தான் அந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு நாள் மணல்மேட்டில் விபரீதம் ஆனது. போன் கையோடு ஒரு வண்டின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனவள் காணாமல் போனாள். நாங்கள் டீ ஊற்றிக்கொண்டிருந்த நேரம். சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று எழுந்து கண்ணெதிரிலேயே அவள் காலடிகளை அழித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பள்ளம். அக்கா கதறத் தொடங்கினாள்.

“யாரும் கத்தாதீங்க!” அத்தான் அதட்டி நான் கேட்டது அன்றுதான். போனை எடுத்து அடித்தார். எங்கேயோ தூரத்தில் மணி கேட்டது. அவர் தலை அந்தப் பக்கம் சாய்வதற்குள் நின்றுவிட்டது.

“ஹலோ, அப்பா!”

“எங்கம்மா இருக்க?”

“மணல்ல.”

“பக்கத்துல என்ன தெரியுது?”

“மணல்.”

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். “கண்ணு, அங்கயே உக்காரு. அப்பா இப்ப வச்சிடுவேன். திரும்ப மணி அடிக்கும். நீ எடுக்காத. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்துடுறேன்.”

“அப்பா கூப்பிட்டா உடனே எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஐந்து வருடமாக அவள் எடுப்பதற்காகவே அடித்துக்கொண்டிருந்தவர். “இன்னைக்கு மட்டும் எடுக்காதம்மா,” என்றார்.

அக்காவை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நானும் அவரும் நடந்தோம். காற்று மணியோசையை இங்கும் அங்கும் தூக்கிப்போட்டது. எனக்கு எல்லாத் திசையிலும் கேட்டது. அவர் மட்டும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, கம்ப்ரஸரைக் கேட்பதுபோலக் கேட்டு, திசையை மாற்றி நடந்தார். மணி அடித்து ஓயும், மறுபடி அழுத்துவார். நான்காவது மேட்டின் இறக்கத்தில் பாப்பா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் அலறிக்கொண்டிருந்தது. தவறியும் எடுத்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகி வைத்திருந்தாள்.

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தாள். மடியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எடுக்கவே இல்லப்பா.”

அத்தான் அவள் பக்கத்தில் மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். தூக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. அவளாகத்தான் நகர்ந்து வந்து மடியில் ஏறினாள். திரும்பும்போது அவர் தோளில் இருந்தபடி வண்டின் கதையை முழுவதும் சொன்னாள். பாதி வழியில் எங்களைக் கண்டு ஓடிவந்த அக்கா, அந்தப் பேச்சைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு, எங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நடந்து வந்தாள்.

அதன்பின் எத்தனையோ குளிர்காலங்கள். பாப்பாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. அத்தானுக்கு முட்டி வலிக்கிறது. படிகள் உள்ள இடமெல்லாம் பட்டியலிலிருந்து போய்விட்டன. போன வாரம் மணல்வெளிக்குப் புறப்பட்டபோது, “இன்னைக்கு நான் ஓட்டுறேன்ப்பா” என்று பாப்பா சாவியை வாங்கிக்கொண்டாள். மறுபேச்சில்லாமல் கொடுத்தார்.

முதல் மேட்டின் அடியில், “நிறுத்து” என்று இறங்கினார்.

“என்னப்பா, பயமா இருக்கா?”

“நேத்து அடிச்ச காத்துல மணல் புதுசா விழுந்திருக்கு. எங்க கெட்டி, எங்க பொதபொதன்னு இருக்குன்னு தெரியாது. இரு.”

செருப்பைக் கழற்றி ஒரு கையில் எடுத்துக்கொண்டார். வெறுங்காலால் மணலை அழுத்தி அழுத்திப் பார்த்து, ஜீப்புக்கு முன்னால் மேட்டில் ஏறத் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் நீட்டி, வா, வா என்று விரல்களை மடக்கிக்கொண்டே நடந்தார்.