ராணியின் அழுக்குப் புடவை

அழுக்குப் பண்ணுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். சிரிக்காதீர்கள். ராஜா ராணிப் படத்தில் உடை தைப்பது பாதி வேலைதான். தைத்ததை யாரோ பத்து வருஷம் உடுத்திப் புழங்கியது போல ஆக்குவது மீதிப் பாதி. புத்தம் புதுப் பட்டில் சேனாபதி வந்து நின்றால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருப்பார், போர்க்களத்திலிருந்து வந்தவர் என்று எவன் நம்புவான்?

தொண்ணூற்றொன்றில், பொங்கல் முடிந்த கையோடு, ஒரகடத்தைத் தாண்டி வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு பொட்டலில் அரண்மனை போட்டார்கள். சவுக்குக் கழி, பிளைவுட், பிளாஸ்டர், மேலே தங்கப் பெயிண்ட். சாயங்காலம் ஆனால் மொத்த யூனிட்டும் வேனில் ஏறி மெட்ராஸுக்குப் போய்விடும். உடைகளை விட்டு நகரக் கூடாது என்று எனக்கு மட்டும் ஒரகடத்தில் ஒரு வாடகை அறை. தனிப் பொறுப்பில் எனக்கு அதுதான் முதல் படம். உடைப் பிரிவில் பெண்ணும் நான் ஒருத்திதான். சொதப்பினால் அடுத்த படத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், "பொம்பளைக்குக் கொடுத்தா இப்படித்தான்" என்று சொல்லக் காத்திருந்தவர்கள் அந்த யூனிட்டிலேயே நாலைந்து பேர். டெய்லர்கள் என்னிடம் ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். அதாவது பேசவே மாட்டார்கள். எனக்கோ வாய் நீளம். பேச ஆளில்லாமல், உடை மாட்டும் மரப்பொம்மையை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருப்பேன்.

துணி துவைக்க வடக்குப்பட்டிலிருந்து ஒரு அக்கா வந்தாள். வந்த முதல் நாளே உடைகள் வைத்திருந்த ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, "யார்கிட்டமா பேசிக்கினு கீற?" என்று கேட்டாள். பொம்மையைக் காட்டினேன். "அதுவும் பதில் பேசாம நின்னுக்கினுதானே கீது, பாவம்" என்றாள். அன்று மதியம் அவள் தூக்கில் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு வந்தது. அதற்குப் பிறகு தினமும் வந்தது. மெட்ராஸில் ஹாஸ்டலில் இருக்கிறேன், வீட்டோடு பேச்சில்லை, நான் சினிமாவுக்கு வந்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்பதையெல்லாம் யாரிடமும் சொல்லாதவள், அவளிடம் சொன்னேன்.

அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒரு காட்சியைப் பாதி எடுத்துவிட்டு மீதியை அடுத்த மாதம் எடுப்பார்கள். அதுவரை அந்த உடையைத் துவைக்கவே கூடாது. கறை, கிழிசல், வியர்வை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ராணி வாசலில் அழுக்காக நுழைந்து, சிம்மாசனத்துக்கு வரும்போது சுத்தமாக இருப்பாள். அப்படிப்பட்ட உடையின் ஓரத்தில் நான் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவேன். நூல் இருந்தால் தொடக் கூடாது, இல்லாவிட்டால் துவைக்கலாம்.

ராணி மூன்று நாள் காட்டில் நடந்து தர்பாருக்கு வரும் காட்சிக்கு ஒரு அரக்குப் பட்டுப்புடவை. அதை அழுக்காக்க எனக்கு எட்டு நாள் ஆனது. டீ டிகாஷனில் முக்கி, செம்மண் தேய்த்து, கரையில் உப்புத்தாள் போட்டு உரசி, முந்தானையைக் கருவேல முள்ளில் இழுத்துக் கிழித்து... பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்திருக்க மாட்டேன். நுழையும் ஷாட்டை எடுத்தார்கள். ராஜாவாக நடித்தவர் வேறு படத்துக்குப் போய்விட்டார். மீதி, ஒரு மாதம் கழித்து.

அந்த மாதக் கடைசியில் கேமராமேன் புடவையை வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றார். நூல் கண்ணை உறுத்துகிறது என்றார். அவிழ்த்தேன். பார்த்து முடித்ததும் புடவையை மற்றத் துணிகளோடு கொடியில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பக் கட்ட மறந்தேன். நான்தான் மறந்தேன், வேறு யாருமில்லை.

ஷூட்டிங் அன்று காலை அக்கா முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கையில் அந்தப் பட்டு, மடித்து, மினுமினுவென்று. "பட்டாச்சேன்னு பூந்திக்கொட்டை போட்டு அலசுனேன்மா. இன்னா அழுக்கு! முந்தானை கிழிஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சி, பாக்க மனசு கேக்கல, அதையும் தெச்சிட்டேன்." பிரித்துப் பார்த்தேன். முள் கிழித்த ஒவ்வொரு இடத்தையும் அவள் இழை தெரியாமல் தைத்திருந்தாள். அய்யோ, எவ்வளவு அழகான தையல்! செம்மண் கறை ஒன்றுகூட மிச்சமில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். நடிகை மேக்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தார், ராஜா வந்தாயிற்று, இருநூறு துணை நடிகர்கள் தலைப்பாகையோடு வெயிலில் நின்றார்கள். "யாரைக் கேட்டு இதைத் தொட்டே?" என்று மேனேஜர் அவளைப் பார்த்துக் கத்தினார். அக்கா என்னைப் பார்த்தாள். நூல் இல்லை என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். நானே சொல்லியிருக்க வேண்டும். மரப்பொம்மையைக்கூட விடாமல் திட்டுகிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நுழையும் ஷாட்டின் போட்டோக்கள் ஒட்டிய நோட்டைப் புரட்டி, கறைகள் எங்கெங்கே இருந்தன என்று தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"தெரியாம பண்ட்டேன் சார்" என்றாள். இனி இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் போட்ட தையலைப் பிரித்து, எது எவ்வளவு என்று கைக்குத் தெரிந்திருந்ததால், எட்டு நாள் வேலையைச் சாயங்காலத்துக்குள் முடித்து அந்தப் புடவையைத் திரும்ப அழுக்காக்கினேன். மறுநாள் ஷாட் எடுத்தார்கள். வித்தியாசமே தெரியவில்லை என்று டைரக்டர் எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினார். மதியம் மரப்பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்துச் சாம்பார் சாதத்தைத் தனியாகத் தின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேலை இருந்தது. துவைக்க மெட்ராஸிலிருந்து ஒரு ஆளை அனுப்பினார்கள். அவரும் மரியாதைக்காரர்தான். வடக்குப்பட்டு நடக்கிற தூரம். தினமும் நாளைக்குப் போகலாம் என்று நினைப்பேன், போக மாட்டேன். வெட்கம். செட்டைப் பிரிக்க ஆரம்பித்த அன்று, இனிச் சாக்குச் சொல்ல முடியாது என்று கிளம்பினேன்.

அக்கா வாசலில் நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருஷன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார், இரண்டு பெண்கள் உள்ளே எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வாம்மா, ஏன் வெயில்ல நிக்கிற" என்றாள். வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைக் கொட்டினேன். நூலை அவிழ்த்தது நான், மறந்தது நான், சொல்லாமல் நின்றதும் நான்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றாள்.

"அப்புறம் ஏன்க்கா நீ சொல்லலை? என்னை மாட்டிவிட்டிருக்கலாமே!"

அவள் நெல்லைக் காலால் தள்ளிப் பரப்பிக்கொண்டே சொன்னாள்: "என்னைத் தொரத்துனா வூட்டுக்கு வந்துட்டேன். புருஷன் கீறாரு, பொண்ணுங்க கீது, அறுப்பு கீது. உன்னைத் தொரத்துனா நீ எங்கம்மா போவ?"

கோபமே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உள்ளே சண்டை ஓய்ந்து, பெண்கள் இரண்டு பேரும் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள். நான் எவ்வளவோ யோசித்தேன். ஒரு ஊர்ப் பெயர்கூட வாயில் வரவில்லை.